வெயில் வரைந்த கோட்டில் ஒரு பள்ளம்

என் அப்பா கொளஞ்சிநாதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். நானும் அன்புச்செல்வனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அவரிடம் சொல்ல வடக்குத்துக்குப் போனபோது, வாசலில் நின்று தெருவே கேட்கும்படி ஒன்று சொன்னார். "நீ குடியிருக்கிற தெருவுல என் காலு படாது. செத்தாலும் படாது." அன்பு காலனிப் பையன், நான் ஊர்ப் பெண். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓடிவிட்டது. வடக்குத்துக்கும் நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு சைக்கிள் மிதி தூரம்தான். அவர் வரவில்லை. அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் பண்ணுவாள். "உன் பேச்சயே எடுக்கறதில்ல தாமர" என்பாள். எடுக்காமல் இருப்பதே ஒரு பேச்சுதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை அவர் எங்கள் வீட்டுப் படியேறி, ஒரு டம்ளர் மோர் குடித்து, ஆசை தீரத் திட்டிவிட்டாவது போக வேண்டும். அதை நினைத்து அழ இரவு இருந்தது. பகலில் எனக்கு வேறு வேலை இருந்தது. வெயிலுக்குக் காவல் இருப்பது.

கேலி இல்லை, அதுதான் என் ஆராய்ச்சி. காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்று ஒரு மூலக்கூறு உண்டு. ஒரு நைட்ரஜன், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சிஜன். எது எரிந்தாலும் அது பிறக்கும். ராத்திரி முழுக்க இருட்டில் சும்மா கிடக்கும். காலையில் வெயில் வந்து தொட்டதும் படக்கென்று ஒடிந்து, ஓர் ஆக்சிஜன் தனியே கழன்றுவிடும். அப்படிக் கழன்ற ஆக்சிஜனுக்குத் தனியாக இருக்கவே தெரியாது. கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது. பக்கத்தில் ஜோடியாகப் போகிற ஆக்சிஜனோடு போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்தால் ஓசோன். விட்டுவந்த பழைய வீடு, அதாவது ஓர் ஆக்சிஜனோடு மிஞ்சி நிற்கிற நைட்ரஜன், எதிரே வந்தால் அந்த மூன்றாவது ஆக்சிஜன் மறுபடி அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வெயில் மறுபடியும் ஒடிக்கும். இப்படி நம் மூக்குக்கு முன்னாலேயே பொழுது சாயும்வரை ஒடிவதும் சேர்வதுமாக இருக்கிறது. நாம் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படித்ததிலிருந்து என்னால் வெயிலை வெறும் வெயிலாகப் பார்க்க முடியவில்லை. தினமும் காலை ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்வரை ஸ்கூட்டியில் போய், அங்கிருந்து பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றின் மேல் வெளிச்சம் பரவிக் கிடக்கும். அந்த வெளிச்சத்துக்குள் கோடானுகோடி மூலக்கூறுகள் சத்தமில்லாமல் ஒடிவது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், நிஜமாகவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். பொன் நிறத் தூசி எழும்பி எழும்பி அடங்கும். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் டிக்கெட் வாங்குவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, பாவம் யாரோ இறந்துபோன வீடு போல என்று நினைத்திருப்பார்கள்.

ஓசோனை அளக்கிற கருவி எங்கள் வீட்டிலேயே இருந்தது. எங்களுடையது முதல் மாடி குவார்ட்டர்ஸ். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து பிளாக் என்பதால், "ஒன் வீட்டு பால்கனியவிட நல்ல இடம் கெடைக்காதும்மா" என்று என் பேராசிரியர் மதிவாணன் சாரே சொல்லிவிட்டார். முன்னறையில் மேஜைமேல் ஒரு பெட்டி. அதிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று பால்கனி வழியாகத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அது காற்றை உறிஞ்ச, பெட்டி உர்ர்ரென்று அடித்தொண்டையில் பாடிக்கொண்டே நூறு கோடியில் எத்தனை பங்கு ஓசோன் என்று திரையில் எண் காட்டும். அன்பு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். நைட் ஷிப்ட் முடித்து வந்து, அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே அதன் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்குவான். "ஒன்னயவிட இது கம்மியாத்தான் சத்தம் போடுது" என்பான்.

சாயங்காலம் வந்ததும் அன்றைய கோட்டைக் கம்ப்யூட்டரில் பார்ப்பேன். விடியலில் தரையோடு கிடக்கும் கோடு வெயிலோடு சேர்ந்து ஏறும், உச்சிக்கு அப்புறம் வளைந்து இறங்கும். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். சித்திரை பிறந்ததிலிருந்து அதில் ஒரு பள்ளம் விழ ஆரம்பித்தது. வெயில் நன்றாக ஏறுகிற முற்பகலில் கோடு திடீரென்று குப்புற விழும், கொஞ்ச நேரம் கீழேயே கிடக்கும், அப்புறம் எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போகும். ஏறக்குறைய தினமும் அதே நேரத்துக்கு.

"பெட்டிக்குள்ள லேம்ப்பைப் பாரு, குழாய்ல ஓட்டை இருக்கான்னு பாரு" என்றார் சார். எல்லாம் பார்த்தேன், பெட்டி மேல் குற்றம் இல்லை. கருவி வாடகைக்கு வந்தது. ஆடி முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். அதற்குள் பள்ளத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அத்தனை நாள் அளவையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நின்றிருந்தேன். சிம்னிப் புகை வெள்ளையாக எழுந்து காற்றுக்குச் சாய்ந்தது. அதன் நிழல் எதிர் பிளாக் மொட்டை மாடிகள் மேல் மெதுவாக ஊர்ந்து போவதைப் பார்த்தேன். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. நிழல்! சூரியன் குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது அந்தப் புகையின் நிழல் எங்கள் வீட்டின் மேல் விழுகிறது. வெளிச்சம் குறைகிறது. மூலக்கூறுகள் ஒடிவது நிற்கிறது. ஓசோன் விழுகிறது. நிழல் நகர்ந்ததும் எழுகிறது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரிக்கு இது தோன்றும்? நெய்வேலியில் குடியிருந்தால்தானே தோன்றும். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அந்த நிழலை நான் காதலித்தேன் என்றே சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்ணை மூடினால் அது வரும். மெத்தென்ற சாம்பல் நிறத்தில் எங்கள் பால்கனிச் சுவரைத் தடவி, கொடியில் காய்கிற என் புடவையைத் தடவி, வெள்ளைக் குழாயின் வாயை ஒரு நிமிஷம் பொத்தும். அது பொத்துகிற வரைக்கும் காற்றில் எதுவும் ஒடியாது. எல்லாம் சேர்ந்தது சேர்ந்தபடி அசையாமல் நிற்கும். அப்படி ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நானும் நிற்க வேண்டும் போல் இருக்கும்.

ஆனால் அதற்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. நான் வீட்டில் இருந்தால் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளம் இல்லை. காய்ச்சலில் நான் லீவு போட்டுப் படுத்திருந்த அன்றைக்கும் இல்லை. சூரியனுக்கு ஏது வார விடுமுறை என்று சார் கேட்டார். நல்ல கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு சார், காய்ச்சல் அன்றைக்கு மேகம் சார் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். மனதுக்குப் பிடித்துப்போன ஒன்றுக்கு வக்காலத்து வாங்குவதில் நான் கெட்டிக்காரி. மூன்று வருஷத்துக்கு முன்பு வடக்குத்தே அதைப் பார்த்திருக்கிறது.

கடைசியில், பள்ளம் விழுகிற நேரத்தில் நிழலைப் போட்டோ எடுத்துவிடுவது என்று ஒரு வேலை நாளில் லீவு போட்டேன். முந்தின நாள்தான் என் ஸ்கூட்டியை பிரேக் சரிபண்ண மெக்கானிக் கடையில் விட்டிருந்தேன். அன்பு நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் பெட்டிக்கு முன்னால் கேமராவோடு உட்கார்ந்துகொண்டேன். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று எண் ஏறியது. வெளியே மரங்களின் மேல் வெயில் வழிந்தது. தூரத்தில் குயில் கூவியது. எட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் காற்று திசை மாறி, புகை எங்கள் பக்கமே வராமல் வேறு பக்கம் படுத்திருந்தது. நிழல் விழ வழியே இல்லை. சரி, இன்றைக்குப் பள்ளமும் விழாது என்று நினைத்துத் திரும்பினேன். எண் விழுந்துகொண்டிருந்தது. முப்பது. இருபது. பன்னிரண்டு.

கீழே தெருவில் டீசல் வண்டி ஒன்று தடதடவென்று நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனை நாள் சீராட்டிய நிழல் கடைசியில் ஏதோ ஒரு லோடு ஆட்டோவின் புகை! டீசல் புகையில் அந்தப் பழைய வீடு, ஓர் ஆக்சிஜன் மட்டும் உள்ள நைட்ரஜன், கணக்கில்லாமல் இருக்கும். அது ஓசோனைக் கண்டால் மூன்றாவது ஆக்சிஜனைப் பிடுங்காமல் விடாது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. பால்கனிக்குப் போவதற்குள்ளேயே, ஆளைப் பார்க்காமலே கத்தினேன்.

"யோவ், வண்டிய ஆஃப் பண்ணுய்யா! இங்க மிஷினு ஓடிக்கினு இருக்குது. பொகைய வுட்டு எல்லாத்தையும் கெடுத்துக்கினு இருக்கிறியே!"

கத்தி முடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். நீல நிற லோடு ஆட்டோ, பின்னால் நிறையப் பலாப்பழம். டிரைவர் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் அப்பா.

தலை முழுக்க வெளுத்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் பிடிபட்ட ஆளின் முகம் அது. கியரைப் போட்டார், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. நான் படியில் ஓடி இறங்குவதற்குள் முனையைத் தாண்டிப் போய்விட்டது. தெருவில் டீசல் நாற்றமும் பலாப்பழ வாசனையும் மட்டும் நின்றன.

மேலே வந்து அன்புவை உலுக்கி எழுப்பினேன். "அப்பா வந்தாருடா. கீழ நின்னாரு."

"தெரியும்" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"என்னா தெரியும்?"

அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தான். "பஜாருக்குப் பழம் எறக்கப் போவச்சொல்ல இப்பிடி வருவாரு. வண்டிய ஆஃப் பண்ண மாட்டாரு, எறங்க மாட்டாரு. கொஞ்ச நேரம் மேல பாத்துக்கினு இருந்துட்டுப் பூடுவாரு. ஒன் ஸ்கூட்டி நின்னா நிக்கவே மாட்டாரு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஓடிப் போயி முன்னால நிப்ப. அப்பறம் அவரு வர்றதே நின்னுடும். வந்துக்கினாவது இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் துணி காயப்போடுவது அன்புவின் வேலை. என் புடவையை மட்டும் ஏன் தெருப்பக்கக் கொடியில் விரிக்கிறாய், ஊருக்கே காட்டவா என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் படாது என்றாரே தவிர சக்கரம் படாது என்று அவர் சொல்லவில்லை. எஞ்சின் ஓடினால் அது நின்றதாகவும் கணக்கில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை "யோவ்".

மறுநாளிலிருந்து பள்ளம் இல்லை.

கோடு சீராக ஏறியது, சீராக வளைந்தது, சீராக இறங்கியது. சார் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இதாம்மா கோடு! இப்பிடி ஒன்ன நான் பாத்ததே இல்ல" என்று மற்ற மாணவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அத்தனை வெயிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த ஒரு பகல். அதில் என் அப்பா இல்லை. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஓடிவந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்ப்பேன். ஒரு சின்ன வழுக்கலாவது இருக்காதா என்று தேடுவேன். மெக்கானிக்கிடமிருந்து வந்த ஸ்கூட்டியை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்கூட வீட்டில் நிறுத்தாமல் ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பிலேயே விட ஆரம்பித்தேன். அன்பு மார்னிங் ஷிப்டுக்கு மாறியிருந்ததால் பகலில் வீட்டில் ஆள் இல்லை. அவன் விடியலிலேயே துணியைத் துவைத்துப் புடவையை முன்பக்கம் போட்டுவிட்டுத்தான் போவான். நான் சண்டை போடவில்லை.

பஸ்ஸில் இப்போதும் வெள்ளாற்றின் மேல் வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒடிந்து கழன்ற அந்த ஒற்றை ஆக்சிஜனை நினைத்தேன். புது ஜோடியோடு போய் ஒட்டிக்கொண்டது சரி, பழைய வீடு அதைத் தேடுமா என்று யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. இப்படியெல்லாம் யோசிக்கிற பெண்ணுக்கு டாக்டர் பட்டம் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும்.

ஆனி வந்தது. அம்மா போனில், "பலாப்பழம் முடிஞ்சிபோச்சி. வண்டிக்கு வேலயே இல்ல" என்றாள். "ஆனா காலையில அத எடுத்துக்கினு எங்கயோ போயிட்டு வராரு. கேட்டா, ஓட்டாம வுட்டா பேட்டரி எறங்கிடும்ங்கிறாரு." அப்பாவுக்கு வண்டி மேல் இருக்கிற பாசம் பெற்ற பெண் மேல் இருந்திருக்கலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஆடி முடியப்போகிற ஒரு நாள், கருவியைத் திருப்பி எடுத்துப் போகப் பல்கலைக்கழக ஜீப்பில் என்னையே அனுப்பினார்கள். டிரைவர் சாப்பிட வேண்டும் என்றார். என்னை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு, பெட்டியைக் கட்டி வையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார். வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பிளாக்கில் ஈ காக்கை இல்லை. மரங்களுக்கு அடியில் நிழல்கள் சுருண்டு படுத்திருந்தன. நான் பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்து வந்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் அடியில் நீல நிற லோடு ஆட்டோ நின்றது. பின்னால் ஒரு பழம்கூட இல்லை, காய்ந்த பலாப் பால் ஒட்டிய சாக்கு மட்டும் கிடந்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவியைத் திருகி அணைத்திருந்தது. பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார். எனக்கு அது தெரியும்.

தெருவுக்குள் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தார் ரோட்டில், நடு வெயிலில் அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கொடியில் ஆடுகிற என் புடவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளைக் குழாய் அவர் தலைக்கு மேலிருந்த காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதில் அவர் இருக்கிற தடமே விழாது.

கிட்டே போய், "அப்பா" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்கூட்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓட வண்டி இல்லை.

"நீ வூட்ல இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

"வண்டி எங்கப்பா?" பார்த்துவிட்டு வந்தும் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"மொனையிலயே ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். தப்பு செய்யவில்லை என்று நிரூபிக்கிற குரல். "நீ அன்னிக்கிச் சொன்னதுலேர்ந்து தெனம் அங்கயே ஆஃப் பண்ணிட்டுத்தான் நடந்து வந்துக்கினு இருக்கேன். பொக பட்டா மிஷினு கெட்டுப்பூடும்னியே." அப்புறம் கொஞ்சம் தயங்கி, மேலே குழாயைக் கையால் காட்டி, "இப்பவாச்சும் சரியா ஓடுதா தாமர?" என்று கேட்டார்.

"நல்லா ஓடுதுப்பா. ஒரு கொறையும் இல்ல."

"அது போதும்" என்றார். பெரிய பாரம் இறங்கிய மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகவும் இல்லை, வரவும் இல்லை. மறுபடி கால் மாற்றினார்.

"காலு சுடலியாப்பா?"

அப்பா குனிந்து, எங்கள் தெருத் தாரின் மேல் இருந்த தன் இரண்டு வெறுங்கால்களையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சுடுதும்மா" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் மோர் இருந்தது.